பல வைததியர

பலகை போன மறுநாள் காலை
வட்ஸ்அப்பில் ஒரு படம்.
கீழே ஒரு வரி:
"தங்கச்சி, நான் ஒராள்தான்."

பெரிதாக்கிப் பார்த்தேன்.
டாகடர றுஸதா.
பல வைததியர.
பல்லைக் கேட்டவளுக்குப்
பலரைக் கொடுத்திருக்கிறது என் மெசின்.

வேப்பம்பலகைதான் வேண்டுமென்று
காத்தான்குடியிலிருந்து தானே தூக்கி வந்தாள்.
பல் டாக்டருக்கு வேம்பு எதற்கென்று
நான் கேட்கவுமில்லை,
வார்னிஷ் அடிக்கும்போது
எழுத்துகளின் தலைக்கு மேலே பார்க்கவுமில்லை.

பகலில் எனக்குப் பிரதேச செயலகத்தில்
இரண்டாம் இலக்க யன்னல்.
பிறப்புப் பதிவில் ஒரு புள்ளி விட்டுப்போனால்
சத்தியக் கடதாசி, கிராம சேவகர் கையொப்பம்,
அடுத்த மாதம் வாருங்கள்.
சொல்லிப் பழகிய வாய்.

இரவில், ஆரையம்பதியில்,
கராஜுக்குள் தலையை முடிந்துகொண்டு
முதலில் கச்சான் காற்றைச் சந்தேகித்தேன்.
போன ஆடியில் அதுதான் குற்றவாளி.
காய்ந்த காற்று,
பிளாஸ்ரிக் குழாய்க்குள் உரசி ஓடும் மரத்தூள்,
குழாயில் ஏறிய மின்.
யாரும் தொடாத எல்லைச் சுவிட்சை
யாரோ தொட்டதாக நம்பி
மெசின் நடுவழியில் விறைத்து நிற்கும்.
குழாய்க்குள் வெறும் செப்புக் கம்பி ஓட்டி
நிலத்தில் அடித்த இரும்பில் கட்டியபிறகுதான் ஆறியது.
ஒருமுறை பிடிபட்ட கள்ளனையே
எல்லாக் களவுக்கும் தேடுவது
லேசாக இருக்கிறது.

கம்பி சரியாகத்தான் இருந்தது.
திருகுகளை இறுக்கினேன்.
இசட் மோட்டருக்குக் கரண்ட் கூட்டினேன்,
முட்டை பொரிக்கிற சூடு வந்தது, குறைத்தேன்.
எதிர் வளவில் தண்ணி மோட்டர் போடும் நேரம்
மீற்றரோடு குந்தியிருந்தேன்:
இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பதினொன்று.
அதுவுமில்லை.
இடையில் ஒரு பிட் உடைந்தது,
அது என் அவசரம்.

மூன்றாம் இரவு
பிட்டைக் கழற்றிவிட்டு
வெறுங்காற்றில் ஓடவிட்டேன்.
ப எழுதியது.
ல எழுதியது.
ல-வின் தலைக்கு மேலே
போகவே இல்லை.
தவறவிட்டதல்ல.
போ என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

கோப்பைத் திறந்தேன். நாலாயிரத்துச் சொச்சம் வரி.
ஏற்றங்களை மட்டும் விரல்விட்டு எண்ணினேன்.
ஆறு குறைந்தது.
நான் கீறிய புள்ளி இரண்டு தசம் ஒன்பது மில்லிமீற்றர்.
பிட் அரைக்கால் அங்குலம், மூன்று தசம் ஒன்று ஏழு.
நுழைய முடியாத இடத்துக்கு ஏன் போவானென்று
மென்பொருள் தானே முடிவெடுத்து
ஆறையும் விழுங்கிவிட்டு
எல்லாம் சரியென்று பச்சை காட்டியிருக்கிறது.
என் யன்னலில் நான் இப்படிச் செய்தால்
விசாரணை வரும்.

துளை போட ஒற்றைக் கட்டளை உண்டு,
ஜீ எண்பத்தொன்று.
என் மலிவுக் கொன்ட்ரோலருக்கு அது விளங்காது.
கையால் எழுதினேன்.
போ. இறங்கு. ஏறு.
ஆறு புள்ளிக்குப் பதினெட்டு வரி.

றுஸ்தா திருப்பி அனுப்பிய பலகையை
அதே நாலு கிளாம்பில் பூட்டி
மூலையைத் தேடினேன்.
பிட்டுக்கும் மரத்துக்கும் இடையில்
ஒரு கடதாசித் துண்டை இழுத்து இழுத்து
மயிரளவு மயிரளவாய் இறக்க,
கடதாசி பிடிபடும் இடம்தான் பூச்சியம்.
துண்டு,
பிழையாய் நிரப்பிய பெயர்திருத்தப் படிவம்.
ஆபீசில் அதற்குப் பஞ்சமில்லை.

க்.
ர்.
ஸ்.
வார்னிஷ் கருகும் மணம்.
ல்.
த்.
ர்.
நான் கீறியதைவிட ஒரு நூல் பெரிய புள்ளிகள்.
ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றும் வாசிக்கலாம்.

ஆறாவதில் ஏறி
அப்படியே நின்றது மெசின்,
பிட் மட்டும் காற்றில் சுற்றிக்கொண்டு.
சுற்றிக்கொண்டே.
பதினெட்டு வரியிலும்
நிறுத்து என்று நான் எழுதவில்லை.

மணி பன்னிரண்டே கால்.
எதிர் வளவில் லைற் எரிந்தது.