பெல்ட் போடாத சாலை

கடல் உறைந்தால்
ஹீயுமா தீவுக்கு ஒரு சாலை முளைக்கும்.
இருபத்தாறு கிலோமீட்டர்,
ஓரம் காட்ட நட்ட ஜூனிபர் கிளைகள்.
அதில் சீட்பெல்ட் போடக்கூடாது. சட்டம்.
பனி பிளந்தால் அவரவர் கதவைத் திறந்து
அவரவர் குதிக்க வேண்டும்.

எனக்கு இரண்டு வயதில் அதில்தான் போனோம்
தார்த்து ஆஸ்பத்திரிக்கு,
இவன் ஏன் இன்னும் நிற்கவில்லை என்று கேட்க.
ஒரு நோயின் பெயர் கிடைத்தது.
மருந்து அப்போது
எங்கோ எலிகளிடம் இருந்தது.
திரும்பும்போதும் அப்பா என் பெல்ட்டை அவிழ்த்துவிட்டாராம்.
நான் எப்படிக் குதிப்பேன் என்று
காரில் யாரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு குளிர்காலம் கழித்து லெம்மெ.
குதிகாலில் ஒரு குத்து,
அட்டையில் ஒரு சொட்டு.
எட்டாம் நாள் டாக்டர் ஹார்ம் போன் செய்தார்.
அம்மா பதில் சொல்லாமல்
என் சக்கர நாற்காலியைப் பார்த்தாள்.
பார்த்ததை நான் பார்த்தேன்.

அந்த வருடம் கடல் உறையவே இல்லை.
கப்பலில் போனோம்.

ஒரு வைரஸைப் பிடித்து, குடலை உருவி,
காலி வயிற்றில் நல்ல மரபணுவை வைத்து
நரம்புவரை அனுப்புவார்களாம்.
அப்பாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது,
முப்பது வருடம் மீன் அறுத்த கை.
"சரியான இடத்தில் இறங்குமா?" என்று மட்டும் கேட்டார்.
ஒரு மணி நேரம். ஒரே தடவை.
வெளியே நான்
காசை விழுங்கிய காபி மெஷினோடு
சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கும் இப்போது மருந்து உண்டு,
தினம் ஒரு சிரப்.
போனதைத் தராது, இருப்பதைப் பிடித்துவைக்கும்.
வலது கட்டைவிரல்
அதனால்தான் இன்னும் என்னுடையது.
பொறாமை இல்லையா என்றாள் வகுப்பில் கெர்ட்டு.
உண்டு.
வியாழக்கிழமைகளில் கொஞ்சம் அதிகம்.

லெம்மெக்கு மூன்று வயது.
நேற்று என் ஜாய்ஸ்டிக்கின் குமிழைக் கழற்றிக்கொண்டு
சானா அறைக்குப் பின்னால் பாய்ந்தாள்.
அடுப்படி ஜன்னல் படாரென்று திறந்தது:

"ஏய், ஓடாதே!"

எங்கள் வீட்டில் அதுவரை
யாரும் யாரிடமும் சொல்லாத சொல்.
சொன்னபிறகுதான் அம்மாவுக்கும்
அது கேட்டிருக்க வேண்டும்.
குழாயை மூடாமல்,
கழுவிய உருளைக்கிழங்கையே
திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் முற்றத்து நடுவில், குமிழ் இல்லாமல்,
ஒரு அங்குலம் நகர வழியில்லாமல்,
"திருடி! திருடி!" என்று
தொண்டை கிழியக் கூவியபடி.