பதினைந்து புள்ளி மூன்று

களுவாஞ்சிகுடி கால்நடை வைத்திய அலுவலகத்தில்
வியாழக்கிழமை நாய்களுக்கு.
ஆனாலும் கறவை மாட்டுக்காரர் வந்துவிட்டால்
அவர்களுக்குப் பிறகுதான் நாங்கள்.
வேம்போடு கட்டிய ஆடு.
உரப்பைக்குள் தலை மட்டும் தெரிய ஒரு பூனை.
சினை ஊசிக்கு நாள் தவறிப்போச்சென்று
போனில் யாரோடோ சண்டை பிடிக்கும் ஒருவர்.
கோபுவின் ஓட்டோவுக்குள் வாலாட்டி வந்தது
வாசலில் இறங்கியதும் நாலு காலையும் ஊன்றி
மரமாகிவிட்டது.
தூக்கித்தான் போனேன்.

பழைய அட்டையைக் கறையான் தின்றுவிட்டது என்றேன்.
டொக்டர் ஷிஃப்னா புதிதாக ஒன்றை எடுத்தார்.
"பேர்?"
"மகன் வச்சது றொனி. நான் டேய் எண்டுதான் கூப்பிடுற."
"எதுக்குத் திரும்பிப் பாக்கும்?"
"டேய்க்கு."
எழுதினார்: றொனி, ஒரு சாய்கோடு, டேய்.

நாய்க்கென்று தராசு இல்லை.
முதலில் நான் மட்டும் ஏறினேன்: ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது.
மறுகா அதையும் அணைத்துக்கொண்டு: எழுபத்து நாலு புள்ளி இரண்டு.
உதவியாள் லோகிதன் உள்ளங்கையில் கணக்குப் போட்டான்.
அட்டையில் ஏறியது பதினைந்து புள்ளி மூன்று.
என்னைக் கழித்துவிட்டார்கள்.
போன வருசம் நான் அறுபத்து மூன்று
என்பதை யாரிடமும் சொல்லவில்லை.
யாரும் கேட்கவும் இல்லை.

கேட்டதெல்லாம் இதுதான்:
தின்னுதா? தண்ணி கூடக் குடிக்குதா?
வெளிக்குப் போறது இறுக்கமா, இளக்கமா?
ராவையில் இருமல்?
படியேறினா மூச்சு வாங்குதா?
ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காய்ப் பதில் சொன்னேன்.
கடைசிக் கேள்விக்கு மட்டும்
யாருக்கு என்று கேட்க வாய் வந்தது.

வாய்க்கு நாடா கட்டுமுன் உதட்டைத் தூக்கி
முரசை விரலால் அமத்தினார்.
வெள்ளையானது. விட்டார்.
இளஞ்சிவப்பு ஓடி வந்தது.
"இரண்டு எண்ணுறதுக்குள்ள வரணும். வந்திட்டு."
காதை மடித்து மணந்து பார்த்தார்.
வாலைத் தூக்கி வெப்பமானி வைத்தபோது
டேய் என்னைப் பார்த்த பார்வையை
வீட்டுக்குப் போன பிறகும் மறக்கப்போவதில்லை, நானும் அதுவும்.
நெஞ்சில் குழாயை வைத்துக் கண்ணை மூடினார்.
போனில் கத்தியவர்கூட
ஏனோ அந்த நேரம் நிறுத்தினார்.

விலாவைத் தடவிய கை ஓரிடத்தில் நின்றது.
"இஞ்ச கடுகு மாதிரி ஒண்டு. தெரியுமா?"
தெரியாது.
"ஈயக் குண்டு. எயார் றைபிள். பழசு."
ஆறு மார்கழிக்கு முன் மழையோடு வந்தது,
கேற் கம்பிக்குள்ளால்.
தினமும் தடவுகிற கைதான் என்னுடையது.
"நோகுமா?"
"இப்ப இல்ல. தசை அதைச் சுத்தி வீடு கட்டிட்டு."

விசர் ஊசி போட்டதே தெரியாமல் போட்டார்.
பூச்சிக் குளிசை இரண்டு, வாழைப்பழத்துக்குள் வைக்க.
உண்ணிக்கு எண்ணெய், தோளுக்கு நடுவில், நக்காத இடத்தில்.
"அடுத்த வருசம் இதே மாசம். அட்டையை
கறையானுக்குக் குடுக்காதீங்க."

பழத்தைத் தின்றுவிட்டுக்
குளிசையைப் பாயில் துப்பி வைத்திருந்தது.
இரண்டாம் முறை பாணுக்குள். அதையும்.
மூன்றாம் முறை கருவாட்டுத் துண்டுக்குள் போனது.

அட்டையை அலுமாரிக்குள் வைக்கும்போது
மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் தந்த
என் கிளினிக் கொப்பி கையில் தட்டுப்பட்டது.
அதில் உள்ள தேதி சித்திரைக்கு முந்தியது.
அட்டையை அதன் மேல் வைத்தேன்.

முகம் கழுவுகிற கண்ணாடிக்கு முன்னால்
என் உதட்டை நானே தூக்கினேன்.
முரசை அமத்தினேன். வெள்ளையானது. விட்டேன்.
கதவடியில் டேய் தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டு நின்றது.
ஒன்று.
இரண்டு.
கொஞ்சம் மெதுவாகத்தான் எண்ணினேன்.