டக்

அவ்வளவுதான். ஒரே ஒரு டக்.
மைனஸ் இருபத்தாறு. அத்-பாஷியில் இன்னும் விடியவில்லை.
பத்து மணிக்கு நரினில் நீதிமன்றம்,
நடுவில் ஒரு கணவாய்.

வண்டி அவன் பெயரில், சாவி என் கையில்.
அதுவும் வழக்கில் இருக்கிறது, நான்காம் பக்கம்.

பானெட்டைத் தூக்கி
"திருப்பு" என்றான் எர்கின்பெக்.
டக்.
"விடு."
நான்கு மாதத்தில் எங்களுக்குள் நடந்த
மிக நீண்ட உரையாடல் இது.

ஸ்டார்ட்டர் போய்விட்டது என்றான்.
முன்விளக்கைப் போட்டேன். பனிமேல் மஞ்சளாய் விழுந்தது.
சாவியைத் திருப்பியதும் அவிந்தது.
ஸ்டார்ட்டர் இல்லை, பேட்டரி முனை என்றேன்.
ஆமாம், உனக்குத்தான் எல்லாம் தெரியும்
என்று அவன் சொல்லவில்லை.
சொல்லாததும் காதில் விழுந்தது.

முனையில் பச்சை பூத்துக் கிடந்தது.
ஃபிளாஸ்க் தேநீரை அதன்மேல் ஊற்றினேன்,
நல்லவேளை, இன்று பாலும் உப்பும் சேர்க்கவில்லை.
ஆவிக்குள் கத்தியை விட்டுச் சுரண்டினான்.
டார்ச் என்னிடம்.
அவன் விரல் போகும் இடத்துக்கு
வெளிச்சம் அரை நொடி முந்திப் போனது.
பழக்கம், வேறொன்றுமில்லை.

"திருப்பு."
இருமிற்று. மறுபடி இருமிற்று.
பிடித்துக்கொண்டது கிழட்டு ஆடி.
"அணைக்காதே!"
ஒரே நேரத்தில் இருவரும்.

நீதிமன்ற வாசலிலும் அணைக்கவில்லை.
ஒருவர் போய்வந்து மற்றவர் போகலாம் என்று
நான் முதலில் இறங்கினேன்.
தம்பதியர் சேர்ந்துதான் வரவேண்டும்
என்றார் எழுத்தர் சைரா, நிமிராமல்.

ஜன்னல் வழியே
வா என்று கையசைத்தேன்.
வெள்ளைப் புகைக்கு நடுவிலிருந்து
அவன் எஞ்சினைச் சுட்டிக் காட்டினான்.

நான் இறங்கும்போது
முள் கால் டேங்கில் இருந்தது.