குழி எண் பதினேழு

ஒன்றே முக்கால் மீட்டர் ஆழம்,
ஒரு சுவர் மட்டும் செங்குத்தாக,
வெயில் அதன் முகத்தில் விழவேண்டும்.
மணிக்கு எழுபது லெய், மதியச் சாப்பாடு அவர்கள் செலவு.
மால்டோவாவின் வடக்கே
சூரியகாந்தி அறுத்த தட்டைகளுக்கு நடுவே
வெட்டி முடித்து நான் ஏற,
அவர்கள் இறங்கினார்கள்.
பல்கலைக்கழகத்தில் ஒரே மாடி, எதிரெதிர் அறை.

ருக்சாண்டா என் மண்வெட்டி மெழுகிய தடத்தைக்
கத்திமுனையால் கொத்தி உதிர்க்கிறாள்,
மண் தன் சொந்த முறிவில் தெரியும்வரை.
ஒரு கட்டியை நனைத்து
நிற அட்டையின் துளைக்குப் பின்னே பிடிக்கிறாள்.
கறுப்பு என்று நான் சொல்வதற்கு
அவளிடம் ஏழு எண்கள்.
குப்பியிலிருந்து அமிலம், சொட்டுச் சொட்டாக:
மேலே மௌனம்.
எழுபத்திரண்டாவது சென்டிமீட்டரில்
சோடாவாய் நுரைக்கிறது.
"சுண்ணாம்பு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது"
என்கிறாள், வீட்டு விருந்தாளியைச் சொல்வதுபோல்.
பனியுகக் காற்று கொட்டிய புழுதி,
புல், புழு, மழை, மறுபடி புல்.
அவள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்:
நீ எப்படி நீ ஆனாய்?

தியோஃபில் மண்ணையே பார்ப்பதில்லை,
மண்ணில் இல்லாத இடங்களைப் பார்க்கிறான்.
எந்தத் துளையில் நீர் இறங்கும்,
எதில் காற்று தங்கும்,
முப்பதாவது சென்டிமீட்டரில் ஆணிவேர்
ஏன் முழங்கையாய் மடிந்தது.
கட்டைவிரலால் அழுத்துகிறான். கல்.
"டிராக்டர்" என்கிறான்,
கூண்டில் நிற்பவனை அடையாளம் காட்டுபவனாக.
யாருக்கு என்ன தருவாய்,
அதுதான் அவன் கேள்வி.

படிவத்தின் முதல் வரியில் மண்ணின் பெயரா,
அடுத்த ஆண்டுப் பயிரா?
ரொட்டி, வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி,
தக்காளி தீர்ந்தபின்னும் சண்டை தீரவில்லை.

ஆழத்தில், மஞ்சள் சுவரில்,
முஷ்டி அளவு ஒரு கறுப்பு வட்டம்.
கண்ணில்லா எலி என்றோ தோண்டிய வளை.
மேல்மண் சரிந்து அடைத்திருக்கிறது.
"எத்தனை நூற்றாண்டோ!" அவள் குனிகிறாள்.
அவன் அவள் தோளுக்கு மேலே விரல் நீட்டுகிறான்:
மடியாமல் தப்பிய ஒரு சூரியகாந்தி வேர்
அந்தக் கறுப்புக்குள் மட்டும்
வழி கண்டு இறங்கியிருக்கிறது.
கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.
எனக்கு அந்த எலிமேல் பொறாமை.
கூலியில்லை, அளவுநாடா இல்லை,
இருவரையும் வாயடைக்க வைத்துவிட்டது.

மாலையில் மூடினேன். மஞ்சள் முதலில், கறுப்பு கடைசியில்.
எடுத்த மண்தான், எடுத்த குழிதான்.
அடங்கவில்லை; முழங்கால் உயரம் மிஞ்சியது.
ஏறி மிதிக்கக் காலைத் தூக்கினேன்.
"மிதிக்காதே!"
வண்டிக்குள்ளிருந்து இரண்டு குரல்,
அன்றைக்கு முதன்முறையாக ஒன்றாய்.
"இரண்டு குளிர்காலம் விடு" என்றாள் அவள்.
"தானே அமரும்" என்றான் அவன்.

ஒற்றைக்காலில் நின்றேன்.