ஒற்றைப்படை ஞாயிறுகள்

இரண்டு வண்டிகள். ஒரே மேக்னெட்டோ.
ஒற்றைப்படைத் தேதியில் வரும் ஞாயிறு எனக்கு,
இரட்டைப்படை எர்மெஸுக்கு.
முப்பத்தொரு நாள் மாதம் முடிகையில்
ஒருவருக்கே அடுத்தடுத்து இரண்டு விழும்.
அதற்காக ஒருமுறை
ஒன்பது நாள் பேசாமல் இருந்தோம்.

என் வேலை பம்பு நிலையத்தில்.
போ நதி கடலில் கலக்கும் இந்தத் தட்டை நிலம்
கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கிறது.
இரவு ஷிப்டில் நான் கண்ணயர்ந்தால்
பீட்ரூட் வயலில் விலாங்கு நீந்தும்.

என் ஃபால்கோனே ஒரு கோழிப்பண்ணையில் கிடைத்தது.
ஐந்நூறு சிசி, படுத்துக்கிடக்கும் ஒற்றைச் சிலிண்டர்,
வெளியே துருத்திய ஃபிளைவீல்.
இருக்கை இருந்த இடத்தில் அடைக்கோழி.
விற்றவன் அது எழும்வரை
விலை பேச மறுத்தான்.

கிளட்ச் தட்டு ஸ்லோவேனிய லாரிக்காரன் ஒருவனிடமிருந்து.
கார்புரேட்டர் ஊசி ஒரு தேவாலய உண்டியலிலிருந்து,
யாரோ காசென்று போட்டது,
பாதிரியார் ரசீது கொடுத்தார்.
இருக்கை கிடைக்கவில்லை, டிராக்டருடையதை வெட்டிப் பொருத்தினேன்.
சிவப்பும் அடிக்கவில்லை.
நான்காம் பம்புக்கு வாங்கி மிஞ்சிய
சாம்பல் பச்சை அரை டப்பா இருந்தது.
கண்காட்சியில் நடுவர் ஒருவர்
என் வண்டியைப் பார்த்து
தொப்பியைக் கழற்றினார்,
செத்தவருக்குக் கழற்றுவதுபோல.

மேக்னெட்டோ மட்டும் இரண்டு வருடம் அகப்படவில்லை.
இமோலா சந்தையில், மழையில்,
ஒரு வாழைப்பழப் பெட்டிக்குள்
என் கை அதைத் தொட்டபோது
எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு கை.
மெலிந்த விரல்கள், சுத்தமான நகங்கள்.
மெக்கானிக்கின் கை இல்லை என்று தெரிந்தது.
விடமாட்டான் என்றும் தெரிந்தது.

எர்மெஸ் பல்செட் செய்பவன்.
பாதிப் பாதி போட்டு வாங்கினோம்.
மின்சாரம் இறங்கும் வளையத்தில் விரிசல்.
மெழுகில் அச்செடுத்து, பல்செட் பிசினில்
புதிதாக வார்த்தான்.
ஈறு நிறத்தில் ஒரு வளையம்.
முதல் உதையிலேயே பொறி.
"இனி கடிக்கும்" என்றான்.

சனிக்கிழமை ஆறு மணிக்குப் படகுப் பாலத்தில் கைமாற்றுவோம்.
பல்செட் டப்பாவில்,
பஞ்சு சுற்றிக் கொண்டுவருவான்.
கூடவே சிகரெட் தாள் ஒன்று.
நான் புகைப்பதில்லை.
பாயின்ட்டுகளுக்கு நடுவே தாளைச் செருகி,
மெல்ல இழுத்துப் பிடித்து,
மறுகையால் ஃபிளைவீலைத் திருப்ப வேண்டும்.
விரலிலிருந்து எதுவும் பிடுங்காமல்
தாள் தானே வழுகி வரும் இடம் ஒன்று உண்டு.
அங்கேதான் டைமிங்.
ஒவ்வொரு வாரமும் அந்த இடத்தை
முதலிலிருந்து தேட வேண்டும்.
ஒவ்வொரு வாரமும் திட்டிக்கொண்டே தேடுவேன்.

டிசம்பரில் ஒரு பார்சல் வந்தது,
அர்ஜென்டினாவிலிருந்து,
எப்போதோ எழுதிப்போட்டு நான் மறந்துவிட்ட ஒருவரிடமிருந்து.
கால்பந்துப் பக்கத்தில் சுற்றிய இன்னொரு மேக்னெட்டோ.
பிரித்துப் பார்த்தேன். விரிசல் இல்லை, எலி இல்லை.
கையால் சுண்டினேன்,
சுள்ளென்று முழங்கைவரை ஏறியது.

நான்காம் பம்புக்குப் பின்னால்
ஃபியூஸ் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.
இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும்
என்று சொல்லிக்கொள்கிறேன்.
ஐந்து சனிக்கிழமைகள் போய்விட்டன.

இன்று பாலத்தில் அப்படியொரு பனிமூட்டம்.
ஆள் தெரியாமல் டப்பா மட்டும் நீண்டது.
"நாளை இருபத்தொன்பது, நீவெஸ்.
அடுத்த ஞாயிறு ஐந்து. இரண்டும் உனக்கு.
அடுத்த சனி நான் வர வேண்டியதில்லை."

"ஐந்தாம் தேதி நீயே ஓட்டு" என்றேன்.

பனிக்குள்ளிருந்து நெருங்கி வந்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
அளவெடுக்க உட்கார்த்திவைத்தவளைப் பார்ப்பதுபோல
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.