ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி

விடுதி விண்ணப்பத்தில்
எத்தனை கட்டில் என்று கேட்கும் கூடு இல்லை.
ஒருத்திக்கு ஒன்று, அவ்வளவுதான்.
"பிள்ளையளோ?" என்று வாடன் அம்மா
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா.
படிவத்தைத் திருப்பித் தந்தபோது பார்த்தால்
பின்பக்கத்தில் சாருஜன்
ஒரு உழவு இயந்திரம் கீறி முடித்திருந்தான்,
ஒரு சில்லு மட்டும் பாக்கி.

கிருஷ்ணபுரத்தில் ஒரு அறை.
கிணற்றடியில் நிற்க வைத்தே கேட்டார்கள்.
எத்தனை பேர், மனிசன் எங்கை,
கம்பஸ் எண்டால் குமர்ப்பிள்ளையள் எல்லோ வாறது.
மனிசன் முல்லைத்தீவு, சனி பின்னேரம் வருவார்.
என்ன வேலை?
கடல்.
"கடலோ" என்றா அந்த அம்மா,
தன் முற்றத்தில் ஏற்கெனவே கருவாடு காய்கிறதுபோல.
அறை நேற்றே போய்விட்டதாம்.

மலையாளபுரத்தில் இரண்டு அறை,
லிண்டல் மட்டத்தோடு நின்றுபோன வீடு.
திட்டக் காசில் மூன்றாம் கட்டம் வரவில்லை.
தறப்பாள் கட்டித் தரலாம், எட்டாயிரம் என்றார்.
தறப்பாளின் கீழே
மத்தியானம் என்ன நிறமென்று
எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.
வேண்டாம் அண்ணை, என்றேன்.
ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

அன்றைய விரிவுரை கோழி வளர்ப்பு.
ஆழ்கூள முறையில்
முட்டைக்கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி.
கொட்டகை கிழக்கு மேற்காக நீள வேண்டும்,
சாரல் அடிக்கக் கூடாது,
பாம்பு நுழையாத வலை.
கொப்பியின் ஓரத்தில் என் பேனை
தன்பாட்டில் பெருக்கிப் பார்த்தது.
நான், சாருஜன், நிவேதிகா,
சனிக்கிழமைகளில் நாலு பேர்.
எட்டுச் சதுர அடி.
சிரிப்பு வந்துவிட்டது.
"என்னக்கா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்,
என்னைவிட ஆறு வயது இளையவள்.
முட்டை போடாட்டில் கழிச்சுப்போடுவாங்களாம், என்றேன்.

பிறகு செபமாலை அண்ணைதான் சொன்னார்,
ஏ ஒன்பது வீதியிலிருந்து உள்ளே
ஏழு அறை வீடு ஒன்று சும்மா கிடக்குது.
கேற்றில் இரண்டு சிங்கம்.
ஆறு மணிக்கு லைட் தானாய் எரியும்,
பதினொன்றுக்குத் தானாய் அணையும்.
ஸ்காபரோவிலிருந்து போனில் முகம் காட்டினா
திலகேஸ்வரி அக்கா,
தாதி உடுப்போடு, பஸ்சுக்குள்.
வாடகை வேண்டாம், ஆள் புழங்கினால் காணும்,
கறையான் ஏறாது.
குசினியும் சாமான் அறையும் மட்டும்.
ஹோல் திறக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது.
நாங்கள் ஆடிக்கு வந்தால்
இருபது நாள் வேறை இடம் பாக்க வேணும்.
நாலு கமரா இருக்கு, குறை நினையாதை.

முதல் கிழமை மூன்று அழைப்பு.
சின்னவள் தூணைப் பிடிச்சுச் சுத்துறாள், பெயின்ற் போகும்.
கொடியிலை ஈரச்சீலை முன்பக்கம் தெரியுது.
ஆர் அந்த மோட்டச்சைக்கிள்?
அவர்தான் அக்கா.
கடற்காற்றில் கறுத்துப்போன என் மனிசன்
கமராவுக்குத் தொப்பியைக் கழற்றினான்.

நிவேதிகா கமராவுக்குக் கீழே நடக்கும்போது
குனிந்து நடக்கப் பழகினாள்.
எனக்கு அது பிடிக்கவில்லை.
சாருஜன் அப்படியில்லை.
விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்து
தூணில் ஏறி
அந்தச் சிவப்புப் புள்ளிக்குக் காட்டினான்.

விடிய நாலரைக்குப் போன் அடித்தது.
வெளிக்கிடச் சொல்லப் போறா என்று
எழுந்து உட்கார்ந்தேன்.
"மேல்பல்லோ, கீழ்ப்பல்லோ?"
கீழ்ப்பல் அக்கா.
"அப்ப கூரையிலை எறியச் சொல்லு.
எங்கடை கூரையிலை."

எங்கடை.
அந்தச் சொல்லுக்குள்
யார் யார் என்று கேட்கவில்லை.
பல் ஓட்டில் உருண்டு
பீலிக்குள் விழுந்த சத்தம் கேட்டது.
தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டினேன்.
ஆடிக்கு இன்னும் ஏழு கிழமை.