டி ஷெட்யூல்

தேவகோட்டை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
இருபத்தேழு வருஷமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்.
கிழக்கே முத்துராக்கு புன்செய், மேற்கே வண்டிப்பாதை,
தெற்கே கண்மாய்க் கரை, வடக்கே மேற்படியார் மனை.
நான்கெல்லை சொல்லாமல் ஒரு குழி நிலம்கூட
என் பேனாவைத் தாண்டியதில்லை.

அடைக்கப்பன் கொண்டுவந்த பாகப்பிரிவினைக் கட்டில்
ஏ ஷெட்யூல் வீடு. பி ஷெட்யூல் தோப்பு.
சி ஷெட்யூல் வெள்ளி, வெங்கலம், தேக்குச் சாமான்.
அதற்கும் அடியில், கரையான் விட்டுவைத்த ஒரு தாள்:

மெர்குயிக்கு அப்பால் ஒரு தீவு.
பறவைக்கூடு எடுக்கும் குத்தகைக்காரன் ஒருவன்
நாலாயிரம் ரூபாய்க்கு அடமானம் வைத்துவிட்டு
அடுத்த புயலில் காணாமல் போயிருக்கிறான்.
பெயர்: இல்லை. மாலுமிகள் சொல்வது குருட்டுப்பன்றி.
குடியிருப்பு: இல்லை. குடிதண்ணீர்: இல்லை.
இறங்குதுறை: தென்மேற்கில், அதுவும் தை மாசியில் மட்டும்.
விஸ்தீரணம்: வற்றத்தில் பதினொரு ஏக்கர், ஏற்றத்தில் ஏழு.

"மிச்சம் நாலு ஏக்கர் எங்க சார் போகும்?"
தட்டச்சு இருதயமேரி கேட்டாள்.
"போயிட்டு வரும்" என்றேன்.

கிழக்கே கடல். மேற்கே கடல். தெற்கே கடல்.
வடக்கே என்று எழுதியதும்
கை பழக்கத்தில் மேற்படியார் என்று போட்டுவிட்டது.

சார்பதிவாளர் கண்ணாடியைக் கழற்றினார்.
வட்டம்? கிராமம்? சர்வே எண்? வழிகாட்டி மதிப்பு?
சரி, எந்த நாடு?
கொடியும் பெயரும் மாறிய நாடு ஐயா,
இந்தப் பாறை தன்னுடையது என்று
அதற்குத் தெரியுமா என்பதும் தெரியாது.
"அப்ப இது சொத்து இல்லய்யா, சேதி."

அண்ணனும் தம்பியும் அதை ஒருவர் பக்கம் ஒருவர்
இலையில் ஒதுக்கிய கறிவேப்பிலைபோல் தள்ளினார்கள்.
உமையாள் வந்தது விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட.
பள்ளத்தூரில் தண்ணி லாரிக்கு நின்றுவிட்டு
பதினொன்றே கால் பஸ்ஸில் வந்தவள்.
சேலைக் கரை இன்னும் காயவில்லை.
"அத எனக்கு எழுதுங்க."
ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காப்பி வந்துவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே ஊருணி, அடிமண் வெடித்து.
நிலத்தைத் தோண்டித் தோண்டி
நடுவில் தண்ணீரை வைக்கப் பார்க்கிற ஊர் இது.
தண்ணீர் நடுவே நிலம் வைத்ததை
எங்கே போய்ப் பதிவது?

வெள்ளைத் தாளில்தான் எழுதினேன், செல்லாது என்று சொல்லியே.
விஸ்தீரணம் வரும்போது குனிந்து பார்த்தாள்.
"பதினொண்ணுன்னு போடுங்க.
முங்கிக் கெடந்தாலும் என்னுதுதான."

பக்கத்துக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டேன்.
அவள் போனபிறகுதான் பார்த்தேன்,
வடக்கெல்லையை இருதயமேரி திருத்தவில்லை.
ஆளே இல்லாத அந்தத் தீவுக்கு
வடக்கே மட்டும்
யாரோ ஒரு மேற்படியார் இருக்கிறார்.